பழைய காரில் சொட்டுச் சொட்டாக ஆயில் கசிகிறது, இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 2007 மாடல் சின்ன பெட்ரோல் கார், காலையில் போர்ட்டிகோவில் நாலைந்து சொட்டு, மெக்கானிக் "கிராங்க் பின் சீல் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்கிறார் (கிராங்க் ஷாஃப்டின் கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் பின் சீல்), செலவு செய்வதா விற்பதா என்று. இரண்டும் வேண்டாம், முதலில் கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். இன்ஜினைக் கழுவாமல், அடியில் படுத்துப் பார்க்காமல் பானெட்டைத் தூக்கியதுமே சொன்ன தீர்ப்பு என்றால் அதை நம்பத் தேவையில்லை.

மெக்கானிக் வேலை செய்பவர்கள் கோபப்பட வேண்டாம். பின் சீல் போகும் வண்டிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இன்ஜின் தலையின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கில், பின்மூலையில் கசியும் ஆயில் பிளாக்கின் முதுகில் வழிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில்தான் வந்து சொட்டும். கீழிருந்து பார்த்தால் அப்படியே பின் சீல் மாதிரி தெரியும். சில நூறு ரூபாய் பேக்கிங்குக்குப் பதிலாக பல ஆயிரம் கூலி கொடுப்பது இந்த ஒரு குழப்பத்தால்தான்.

முதலில் சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்று பாருங்கள். இரவில் இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, முன் சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று அதில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். காலையில் பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு என்றால் கூலன்ட். ஏசி போட்டு ஓட்டிய வண்டியில் வெறும் தண்ணீர் சொட்டுவது வழக்கம்தான். அடியில் பிளாஸ்டிக் கவர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு அட்டை போடுங்கள், இல்லாவிட்டால் ஓரிடத்தில் ஒழுகியது வேறிடத்தில் சொட்டும்.

அடுத்து கழுவுதல். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், காயில், சென்சார் கனெக்டர்களை பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டுங்கள். டீசலும் பழைய பிரஷும் போதும்; பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ஒரு பொறி பட்டால் முதலுக்கே மோசம். பிறகு சோப்புத் தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். பிரஷர் வாஷரை கனெக்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காய்ந்ததும் டேப்பட் கவர் ஓரம், ஆயில் ஃபில்டர் சுற்றிலும், சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) விளிம்பு, கியர்பாக்ஸ் சேரும் கோடு ஆகிய இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு, நீடாமங்கலம் வரை ஓர் ஓட்டம் போய்வாருங்கள். பவுடர் எங்கே நனைந்து கறுத்திருக்கிறதோ, அதில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் இடம்தான் கசிவின் தலை. ஆயில் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் நனைந்த இடத்திலிருந்து மேலேயும் முன்னேயும் தேட வேண்டும்.

பேக்கிங் வாங்கும் முன், இன்ஜின் மூச்சுவிடும் வழியான பிரீதரைப் பாருங்கள். பலர் இதை விட்டுவிட்டு ஒவ்வொரு சீலாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இன்ஜினின் கீழ்ப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் வரும் வாயு, பிசிவி என்ற சின்ன வால்வு வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போக வேண்டும். அந்த வால்வோ ஹோஸோ அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். வால்வைக் கழற்றிக் குலுக்கினால் 'கட கட' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கார்ப் கிளீனர் அடித்துப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் மாற்றுங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாய் மேல் ஒரு காகிதத்தை வையுங்கள். லேசாக ஒட்டிக்கொண்டால் நல்லது. தூக்கி எறிந்தால் பிரீதர் அடைப்பு, அல்லது ரிங் தேய்மானம். ரிங் தேய்ந்த வண்டிக்கு எத்தனை பேக்கிங் மாற்றினாலும் நிற்காது. இன்னொன்று, டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கு மேலே ஆயில் நின்றாலும் கசியும்.

டேப்பட் கவர்தான் என்று தெரிந்தால் வேலை அரை நாள்கூட ஆகாது. பெரும்பாலான சின்னக் கார்களுக்கு 10 எம்எம் பாக்ஸ் ஸ்பேனர் போதும். பிளக் வயர்களை எந்த சிலிண்டருக்கு எது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். பழைய பேக்கிங் விறைத்து ஒட்டியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த கசிவு. பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி, தின்னர் நனைத்த துணியால் இரண்டு முகங்களையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். ரப்பர் பேக்கிங்கைப் பசையில்லாமல் காய்ந்தபடியே போட வேண்டும். கேம் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் கேப்பும் ஹெட்டும் சேரும் மூலைகளில் மட்டும் சிலிகான் பேஸ்ட் 2 எம்எம் அளவுக்கு ஒரு சொட்டு. நம் ஊரில் சுற்றுமுழுக்க அனபாண்ட் பேஸ்ட்டை அப்பும் பழக்கம் இருக்கிறது. உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் உதிர்ந்து சம்பில் விழுந்து ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும், அப்புறம் இன்ஜினை உண்மையாகவே இறக்க வேண்டி வரும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக முடுக்குங்கள். பல கார்களில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான் அளவு, உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ளதே இறுதி. 'இன்னும் கொஞ்சம்' என்று முடுக்கினால் தகடு வளைந்து பேக்கிங் பிதுங்கும். பிளக் குழிக்குள் ஆயில் நின்றால், அந்தக் குழிகளைச் சுற்றியுள்ள டியூப் சீல்களையும் சேர்த்து மாற்றுங்கள். பேஸ்ட் இறுக ஒரு நாள் விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

மற்றவை சின்னச் சின்ன இடங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய மாருதி 800, ஆம்னிகளில் அதன் ஓ-ரிங் விறைத்துப்போய் ஹெட் ஓரமாக வழியும். ஆயில் பிரஷர் சுவிட்ச் கசிந்தால் சுவிட்சையே மாற்றுங்கள். மரையில் டெஃப்ளான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் மரை வழியாகச் சுவிட்சுக்குக் கிடைக்கும் எர்த் அறுந்து எச்சரிக்கை விளக்கு எரியாது, ஆயில் இல்லாமல் ஓடினாலும் உங்களுக்குத் தெரியாது. ஃபில்டர் மாற்றிய உடனே ஒழுகினால் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டியிருக்கிறதா பாருங்கள். புது ஃபில்டர் ரப்பரில் ஆயில் தடவி, தொட்டதும் கையால் முக்கால் சுற்று, அவ்வளவுதான். டிரைன் போல்ட் வாசர் ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் புதிதாகப் போட வேண்டிய பொருள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டி என்றால் சம்ப் தகட்டைக் கவனியுங்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்து ஊசித் துளை விழும். பேக்கிங் நன்றாக இருக்கும், தகடுதான் வியர்க்கும். எம்-சீல் வைத்து அடைப்பது தற்காலிகம், சம்ப்பை மாற்றுவதே சரி.

பவுடர் சோதனையில் மேலே எல்லாம் காய்ந்திருந்து, கியர்பாக்ஸ் ஹவுசிங்கின் அடியில் மட்டும் நனைந்தால் பின் சீல் சந்தேகம் நியாயம். அப்போதும் பெரும்பாலான முன்சக்கர டிரைவ் கார்களில் கியர்பாக்ஸை மட்டும் இறக்கினால் போதும். கிளட்ச் வழுக்கவில்லை, கசிவு சொட்டளவில்தான் என்றால் கிளட்ச் பிளேட் மாற்றும்வரை காத்திருந்து ஒரே கூலியில் முடியுங்கள். அதேபோல கிராங்க் முன் சீலையும் கேம் சீலையும் டைமிங் பெல்ட் மாற்றும்போது சேர்த்து மாற்றுங்கள். ஆனால் பெல்ட் மேல் ஆயில் படுகிறது என்றால் ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

ஆயிலில் ஊற்றும் 'ஸ்டாப் லீக்' மருந்து விறைத்த ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊதவைக்கும், கிழிந்த பேக்கிங்கையோ துளை விழுந்த தகட்டையோ ஒன்றும் செய்யாது. மேனுவல் அனுமதித்தால் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயில் கசிவைக் குறைக்கும். அனுமதிக்காத புது இன்ஜின்களில் இந்த யோசனையே வேண்டாம்.

சொட்டளவு கசிவோடு ஓட்டலாம், ஆனால் வாரம் ஒருமுறை சமதரையில் டிப் ஸ்டிக் பாருங்கள். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே ஒரு லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டிப் புகை வந்தால் மட்டும் ஓட்டாதீர்கள். சம்பா அறுவடையில், தை மாசியில், நம் சாலைகளில் வைக்கோலைப் பரப்பியிருப்பார்கள். அது சைலன்சரில் சுற்றிக்கொள்ளும். மேலே ஆயில், கீழே வைக்கோல், நடுவில் கொதிக்கும் குழாய். அந்தப் பாதையில் போய்வந்தால் குனிந்து பார்த்து, சூடு ஆறியதும் உருவி எடுத்துவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. வாய்க்கால் ஓரத்து பட்டறைகளில் பழைய ஆயிலை அந்த வாய்க்காலிலேயே கவிழ்க்கிறார்கள். மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வரும்போது அது மிதந்து நேராக நாற்றங்காலுக்குப் போகிறது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நின்று, "பழைய ஆயிலை எங்கே கொடுப்பீங்க?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் மூடியுள்ள கேனில் பிடித்து வாங்கி, ஆயிலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.