பில் இல்லாமல் ஏழாயிரம் குறைவாம்: கேமரா வாங்கலாமா?

கேள்வி: ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். அடுத்த வருடம் கணவர் ரிடயர் ஆனதும் ஊருக்கே போய்விடுவோம். அதற்குள் இந்த தில்லிக் கோடையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள ஆசை. ரோட்டோரப் பானைக் கடை, கொன்றை பூத்த சாலைகள், ராத்திரி இந்தியா கேட் கூட்டம், மலை மந்திரில் வைகாசி விசாகம், இப்படி. போனே போதும் என்கிறான் மகன். சாந்தினி சௌக் குச்சா சௌத்ரி கேமரா மார்க்கெட்டில் விசாரித்தேன். ஒரு மிரர்லெஸ் (லென்ஸ் மாற்றிக்கொள்ளும் வகை) கேமரா பில்லோடு 59,000, பில் வேண்டாம் என்றால் 52,000 என்றார் கடைக்காரர். என்ன செய்யட்டும்?
(வாசகி, ஆர்.கே.புரம்)

பதில்: மகன் சொல்வது பாதி சரி. பானைக் கடைக்கும் கொன்றைக்கும் போன் தாராளமாகப் போதும். காலை வெயில் முகத்தில் அடிக்கும்போது நல்ல போன் படத்தையும் கேமரா படத்தையும் போன் திரையில் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. போன் திணறுவது நீங்கள் சொன்ன மற்ற இரண்டில்தான். ராத்திரி வெளிச்சத்தில் ஓடுகிற குழந்தைகள், கூட்டத்துக்கு நடுவே தூரத்தில் வருகிற சாமி. முதலில் ஒரு வாரம் போனிலேயே எடுங்கள். பிடிக்காமல் போன படங்கள் எல்லாம் இருட்டிலும் தூரத்திலும் எடுத்தவையாக இருந்தால் கேமரா வாங்குவதில் அர்த்தம் உண்டு. இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு நல்ல பிரிண்டாகப் போட்டு ஆல்பம் செய்துகொள்ளலாம்.

வாங்குவது என்று முடிவானால், காசை பாடியில் (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில்) கொட்டாதீர்கள். ஏபிஎஸ்-சி என்கிற நடுத்தர அளவு சென்சார் (படம் பதிகிற சில்லு) உள்ள ஆரம்ப நிலை மாடல் எந்தக் கம்பெனியுடையதானாலும் உங்களுக்குப் போதும். லென்ஸில்தான் விஷயம். எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கும். கூடவே வரும் கிட் லென்ஸ், ஜூமை 35 மி.மீ. பக்கம் வைத்தால் எஃப் 4.5 அளவுக்குத்தான் திறக்கும். தனியாக விற்கும் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இந்தியா கேட்டில் ஐஸ்கிரீம் வண்டி விளக்கில் ஒரு முகத்தை எடுக்க வேண்டுமானால் அந்த ஆறு மடங்குதான் உதவும். விசாகத்துக்குத் தூரத்திலிருந்து எடுக்க ஒரு ஜூம் வேண்டுமே என்றால், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அல்லது கொஞ்சம் சீக்கிரம் போய் முன்னால் நின்றுகொள்ளலாம்.

இப்போது பில். கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 59,000 என்றால் பொருளுக்கு 50,000, வரிக்கு 9,000. கடைக்காரர் அந்த 9,000-இலிருந்து ஏழாயிரத்தை உங்களுக்குக் காட்டுகிறார், மிச்சம் அவருக்கு. பதிலுக்கு நீங்கள் விட்டுக்கொடுப்பது என்ன? கம்பெனி வாரண்டி. பில்லும் இந்திய வாரண்டியும் இல்லாமல் சர்வீஸ் சென்டருக்குப் போனால் இலவசமாக எதுவும் நடக்காது. 'கடை வாரண்டி தருகிறேன்' என்பார்கள். நீங்கள் ஊருக்குப் போனபின் ஷட்டர் நின்றுபோனால், அந்த வாரண்டிக்காக மறுபடி சாந்தினி சௌக் வருவீர்களா?

பில் போட்டாலும் டப்பாவைப் பாருங்கள். வெளிநாட்டில் செய்த பொருள் என்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் அச்சடித்திருக்க வேண்டும். அது சட்டம். அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் சரக்கு குறுக்கு வழியில் வந்திருக்கலாம், விட்டுவிடுங்கள். டப்பாவில், கேமராவின் அடியில், பில்லில், மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருக்கட்டும். லென்ஸை வெறும் வெள்ளை டப்பாவில் கொடுத்தால், கிட்டிலிருந்து பிரித்து விற்கிறார்கள் என்று பொருள். லென்ஸ் நன்றாகவே இருக்கலாம், ஆனால் வாரண்டி உண்டா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

குச்சா சௌத்ரியைக் குறை சொல்லவில்லை. ஒழுங்காக பில் போடுகிற பழைய கடைகள் அங்கே நிறைய, பேரம் பேசவும் இடம் உண்டு. விலையைக் குறைக்க முடியாது என்பவர் ஒரு பேட்டரியாவது சேர்த்துத் தருவார். பை, ட்ரைபாட், யூவி ஃபில்டர் என்று தலையில் கட்டப் பார்த்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். மெமரி கார்டில் போலி நிறைய. வாங்கிய அன்றே கார்டு முழுவதையும் நிரப்பிப் பார்த்து, ஃபைல்கள் எல்லாம் திறக்கின்றனவா என்று சோதியுங்கள்.

பில்லோடு வாங்கியும் ஏமாற்றினால் 1915-க்கு அடியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஊர் மாறப் போகிற உங்களுக்கு இது முக்கியம்.

கேள்வி: மே மாத வெயிலில் கேமராவை வெளியே எடுத்துப் போனால் கெட்டுவிடுமா?
(வாசகர், மயூர் விஹார்)

பதில்: பெரும்பாலான கேமராக்களுக்குக் கம்பெனி சொல்லும் வரம்பு 40 டிகிரி. தில்லி மே மாதம் அதைக் கேட்டுக்கொண்டு இருக்காது. ஆனாலும் நண்பகலில் உங்களுக்கும் வேலை இல்லை, வெளிச்சமும் தட்டையாக இருக்கும். மே கடைசியில் ஐந்தரைக்கு முன்பே விடிந்துவிடுகிறது, எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மாலையில் ஆறு மணிக்கு மேல். பூட்டிய காருக்குள் கேமராவை விட்டுப் போகாதீர்கள்.

வெயிலைவிட ஆந்திதான் மோசம். புழுதிக் காற்றில் லென்ஸைக் கழற்றவே கூடாது. உள்ளே தூசி போனால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும், ரப்பர் புளோயர் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் ஒரு விஷயம் யாரும் கவனிப்பதில்லை. தண்ணீர் கூலர் ஓடுகிற அறை எப்போதும் ஈரம். அங்கே அலமாரியில் லென்ஸை வைத்தால் பூஞ்சை பிடிக்கும், மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பழைய லென்ஸ் வாங்கும்போதும் போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.

கேள்வி: குதுப் மினார், ஹுமாயூன் சமாதியில் கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா?
(வாசகர், கரோல் பாக்)

பதில்: கையில் பிடித்து எடுக்கும் ஸ்டில் படத்துக்குக் கிடையாது. வீடியோ கேமராவுக்கு 25 ரூபாய். ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறையிடம் முன் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.