சோதனையில் தேறிய காது, கூட்டத்தில் தடுமாறுவது ஏன்?

செவி நரம்பிலிருந்து மூளைக்குப் போகும் மின்சைகைகளை அளப்பது என் வேலை. வந்த கேள்விகளில் முதலாவதற்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். பலர் வெளியே சொல்லத் தயங்கும் சிக்கல் அது. அந்தக் கேள்வி இதோ:

சோதனையில் என் காதுக்குக் குறையில்லை என்கிறார்கள். ஆனால் நாலு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் பிடிபடுவதில்லை. கவனக்குறைவு என்று வீட்டில் கடிந்துகொள்கிறார்கள்.

கடிந்துகொள்ள வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். சோதனை முடிவும் சரியாக இருக்கலாம், உங்கள் சிரமமும் உண்மையாக இருக்கலாம். அமைதியான அறையில் மெல்லிய தொனி ஒன்று கேட்கிறதா என்பதைத்தான் வழக்கமான சோதனை பார்க்கிறது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒருவருடைய பேச்சை மட்டும் பிரித்தெடுப்பது வேறு வேலை.

ஒலியதிர்வை நரம்புச் சைகையாக மாற்றும் உள் மயிர்செல்கள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 3,500 இருக்கின்றன. ஒவ்வொரு செல்லோடும் பல நரம்பு இழைகள் இணைந்திருக்கின்றன. 2009இல் செவி ஆய்வாளர்கள் ஷரோன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் சுண்டெலிகளை 100 டெசிபல் இரைச்சலில் 2 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் கேட்கும் திறன் பழைய அளவுக்குத் திரும்பியது, மயிர்செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் சில பகுதிகளில் நரம்பு இணைப்புகளில் பாதியளவு அழிந்துபோயிருந்தது. அதுவரை, 'தற்காலிகச் செவிமந்தம், தானே சரியாகிவிடும்' என்றுதான் நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். மனிதரிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் இன்றும் விவாதம் உண்டு. ஆனால் வயது ஏற ஏற இந்த இணைப்புகள் குறைவதை, இறந்தவர்களின் உள்காதுகளை ஆராய்ந்தபோது கண்டிருக்கிறார்கள். அமைதியில் ஒரு தொனியைக் கேட்க மிச்ச இணைப்புகளே போதும்; இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுக்க அவை போதாமல் போகலாம்.

இரைச்சலின் நடுவே பேச்சைக் கேட்டுச் சொல்லும் சோதனை தனியாக உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

பிறந்து இரண்டே நாளான குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

காதே ஒலி எழுப்பும் என்பதை வைத்து! 1978இல் இயற்பியலாளர் டேவிட் கெம்ப் இதைக் காட்டினார். வெளி மயிர்செல்கள் ஒலிக்கேற்ப நீண்டு சுருங்கி அதைப் பெருக்குகின்றன. அந்த அசைவின் எதிரொலி செவிப்பறை வழியாகத் திரும்பி வருகிறது. காதில் பொருத்திய சிறு மைக் அதைப் பிடித்துவிடும்.

அதற்கு அடுத்த கட்டம், மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டைச் சோதிப்பது. குழந்தை தூங்க வேண்டும் என்பதால் பால் குடிக்கும்வரை காத்திருப்போம். நெற்றியிலும் காதின் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, 'டிக் டிக்' என்று ஒலியைக் காதுக்குள் விடுவோம். ஒரே ஒரு 'டிக்'குக்கு எழும் பதில், மூளையின் மற்ற மின்சலசலப்பில் மூழ்கிவிடும். ஆயிரம் தடவைக்கு மேல் பதிவு செய்து சராசரி எடுக்கும்போது, திரையில் அலைகள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். எல்லாம் முதல் 10 மில்லி வினாடிக்குள் நடந்து முடிந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும், ஒலிச்சைகை மூளைத்தண்டுக்குள் போய்ச் சேர்ந்ததைக் காட்டும் அந்த ஐந்தாவது அலை எழும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பதிவில் கேட்கும் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஏன்?

பேசும்போது உங்கள் குரல் மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் உள்காதுக்குப் போய்ச் சற்றுக் கனமாகக் கேட்கிறது. பதிவில் அது இல்லை. மற்றவர்கள் எப்போதும் கேட்பது பதிவில் உள்ள குரலைத்தான்.

கண்ணை மூடியிருந்தாலும் ஒலி வரும் திசை தெரிகிறதே?

பக்கவாட்டில் எழும் ஒலி ஒரு காதை முந்தி எட்டும். இந்த இடைவெளி அதிகம் போனால் வினாடியில் பத்தாயிரத்தில் ஏழு பங்குக்குள்தான். ஆனால் பயிற்சி பெற்றவர்களால் லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைக்கூட உணர முடியும். ஒரு நரம்புத் துடிப்பே இதைவிடப் பல மடங்கு நீளமானது! இரு காதுகளிலிருந்தும் வரும் துடிப்புகளை மூளைத்தண்டிலுள்ள செல்கள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. கூகை ஆந்தையின் மூளையில் திசைகளுக்கு ஒரு வரைபடமே இருப்பதை எரிக் நுட்சனும் மசகாசு கோனிஷியும் 1978இல் கண்டறிந்தார்கள். என்னை இந்தத் துறைக்கு இழுத்துவந்ததே அந்த ஆய்வுதான்.

இரவில் காதுக்குள் 'ஙொய்' என்ற ஒலி. காதில்தான் கோளாறா?

தொடக்கம் பெரும்பாலும் காதில்தான். ஆனால் செவி நரம்பை வெட்டிய பிறகும் பலருக்கு இரைச்சல் நிற்கவில்லை. வரவேண்டிய சைகை குறையும்போது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பதே இன்று வலுவான விளக்கம். ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென ஒரு காது மந்தமானால் அன்றைக்கே போய்விடுங்கள். அதற்கான சிகிச்சை தொடக்க நாட்களில்தான் பலன் தரும்.