உப்புக்காற்றில் தலைகீழ் ராட்டினம்: கேள்வி பதில்

ராட்டினங்களைப் பொருத்துவதிலும் பழுது பார்ப்பதிலும் 28 ஆண்டுகளைக் கழித்துவிட்டு, இப்போது உச்சிப்புளிக்கு அருகே சொந்த ஊரில் இருக்கிறேன். நம் கடற்கரைப் பக்கத்துப் பூங்காக்களில் விலை குறைந்த தலைகீழ் ராட்டினங்களை வைக்கலாமா என்பது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

பரமக்குடி, கல்லூரி மாணவர்: ரோலர் கோஸ்டரும் தலைகீழாகத்தானே போகிறது? இதை மட்டும் ஏன் விலை குறைந்தது என்கிறீர்கள்?

ரோலர் கோஸ்டருக்கு நீண்ட தண்டவாளம், ஏற்றச் சங்கிலி, இடையிடையே பிரேக்குகள், இவை அனைத்தையும் தாங்கும் நூற்றுக்கணக்கான தூண்கள் ஆகியவை தேவைப்படும். நாம் பேசுகிற ராட்டினம், ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்துக்கு நிமிர்த்தி வைத்த ஒரே ஒரு வளையம். அதன் உட்புறத்தில் ஒரு நீண்ட வண்டி ஓடும். அடிப்பகுதியில் சுழலும் ரப்பர் டயர்கள், ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையைத் தள்ளுவதுபோல் அந்த வண்டியை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி, கடைசியில் உச்சியைக் கடக்க வைக்கும். சில சென்ட் நிலத்தில் இதை நிறுத்திவிடலாம் என்பதால், அமெரிக்காவில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் தன் பூங்காக்கள் பலவற்றில் இவ்வகை வளையங்களை வைத்தது. டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த லார்சன் நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது.

திருப்புல்லாணி, இயற்பியல் ஆசிரியை: முழு வட்டமான வளையம் உடலுக்குக் கெடுதல் என்று படித்திருக்கிறேன். இதுவும் வட்டம்தானே, ஐயா?

நல்ல கேள்வி, அம்மா. 1895ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கோனி தீவில் ஓடிய 'ஃபிளிப் ஃபிளாப்' என்ற ரயில், முழு வட்ட வளையத்தில் வேகமாக நுழைந்ததால் ஏறியவர்களுக்குக் கழுத்து வலியைக் கொடுத்துப் பெயர் கெட்டது. உச்சியில் உடல் இருக்கையை விட்டு விலகாமல் இருப்பதற்குத் தேவையான வேகத்தோடு வட்டத்தைச் சுற்றினால், உராய்வைக் கணக்கில் சேர்க்காதபோது, அடியில் நம் எடையைப் போல் 6 மடங்கு அழுத்தம் வரும் என்பதை உங்கள் மாணவர்களே கணக்கிட்டுவிடுவார்கள். 1976இல் கலிஃபோர்னியாவில் திறக்கப்பட்ட 'ரெவல்யூஷன்' கோஸ்டருக்காக, ஜெர்மானியர்களான ஆன்டன் ஸ்வார்ஸ்கோஃப், வெர்னர் ஸ்டெங்கல் ஆகியோர் வளையத்தைக் கண்ணீர்த்துளி வடிவத்தில் அமைத்தது இதனால்தான். அந்த வடிவத்தில் அடிப்பகுதி அகன்றும் உச்சி குறுகியும் இருக்கும்.

நம் வளையம் வட்டமாகவே இருந்தும் தாங்கக்கூடியதாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவதாக, தோள்பட்டைப் பிடிப்பானும் தண்டவாளத்தை இருபுறமும் கவ்வும் சக்கரங்களும் இருப்பதால், வண்டி உச்சியில் ஏறத்தாழ நின்றுவிட்டாலும் யாரும் விழமாட்டார்கள். ஆகவே அதிக வேகம் வேண்டியதில்லை. இரண்டாவதாக, வண்டி நீளமானது. ஒரே புள்ளியில் எடை இருந்தால், உச்சியில் நின்று இறங்கும்போது அடியில் 5 மடங்கு அழுத்தம் வரும். வளையத்தின் மூன்றில் ஒரு பங்கை வண்டியே நிரப்பியிருந்தால் அதன் புவியீர்ப்பு மையம் உள்ளே தள்ளி அமைவதால், அதே கணக்கு 4.3 மடங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. குறைவு என்று சொல்லமாட்டேன். ஆனால் நல்ல உடல்நிலையில் உள்ளவர் சில நொடிகள் தாங்கக்கூடியதுதான்.

கீழக்கரை, சிறு பூங்கா உரிமையாளர்: என் இடம் கடலிலிருந்து 300 மீட்டரில் இருக்கிறது. கோஸ்டர் வாங்க வசதியில்லை. இந்த வளையம் கைக்கு எட்டுகிறது. வாங்கலாமா, வேண்டாமா என்று நேராகச் சொல்லுங்கள்.

நீங்கள் விலையைக் கேட்டீர்கள். நான் துருவைப் பற்றிச் சொல்கிறேன். பழைய பாம்பன் ரயில் பாலத்தை நாம் அனைவரும் பார்த்து வளர்ந்தோம். பெயின்ட் அடிப்பதற்கென்றே ஆட்கள் அதில் இருந்தும், தூக்குப் பகுதி துருவேறியதால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் துருவைத் தடுக்கும் பாலிசிலோக்சேன் பூச்சையும் தேர்ந்தெடுத்தார்கள். ரயில்வேக்கே இவ்வளவு செலவு வைத்த காற்றுதான் உங்கள் வளையத்தின் மீதும் இரவும் பகலும் வீசப்போகிறது.

வெளியே தெரியும் துருவைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. அதைச் சுரண்டிப் பூசிவிடலாம். 2017 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில், சுழன்றபடி ஊசலாடும் ராட்டினம் ஒன்று ஓட்டத்தின் நடுவே முறிந்து ஒருவர் இறந்தார். 7 பேர் காயமடைந்தனர். இருக்கைகளைத் தாங்கிய குழாய் உத்தரத்தின் உட்புறத்தில் ஆண்டுக்கணக்காகத் துரு தின்று, சுவரின் தடிமன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது என்று அதைத் தயாரித்த நிறுவனமே பின்னர் அறிவித்தது. அன்று காலை வரை அதைப் பார்த்த கண்களுக்கு அது நல்ல ராட்டினமாகவே தெரிந்திருக்கிறது. கடலே இல்லாத ஊரில் நடந்தது அது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் பதில் இது. குழாய்களின் உட்புறம் முற்றிலும் மூடி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் நீர் வடியும் துளைகளோடு உள்ளும் புறமும் துத்தநாக முலாம் பூசப்பட்டிருக்க வேண்டும். எந்தெந்தப் புள்ளியில் அல்ட்ராசோனிக் (மீயொலி) கருவி வைத்துத் தடிமனை அளக்க வேண்டும் என்ற வரைபடத்தைத் தயாரிப்பாளர் எழுத்தில் தர வேண்டும். நீங்கள் ஆண்டுக்கு ஒரு முறை வண்டியைக் கழற்றி, பின்களையும் வெல்டிங் இணைப்புகளையும் விரிசல் சோதனைக்கு உட்படுத்தி, மாற்ற வேண்டிய போல்ட்டுகளை மாற்றி, மூடிப் பூட்டுகிற செலவை முதல் ஆண்டிலேயே தனியாக எடுத்து வைக்க வேண்டும். வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க முடியாதவர் கடலோரத்தில் இதை வாங்க வேண்டாம் என்பது நான் வைத்திருக்கும் சொந்தக் கணக்கு. அது முடியும் என்றால் வாங்குங்கள், நான் தடுக்கமாட்டேன். முடியாது என்றால் அந்தப் பணத்தில் நல்லதொரு கொலம்பஸ் கப்பலும் பிள்ளைகளுக்கான ரயிலும் வாங்கி நிம்மதியாக இருக்கலாம்.

ஏர்வாடி, திருவிழா ராட்டினக் குத்தகைதாரர்: வடநாட்டிலிருந்து பழைய வளையம் ஒன்று பாதி விலைக்கு வருகிறது, அண்ணே. சந்தனக்கூடு திருவிழாவுக்குக் கொண்டுவரலாம் என்றிருக்கிறேன்.

வேண்டாம், தம்பி. அது பிறந்த நாளிலிருந்து எத்தனை முறை கழற்றி மாட்டப்பட்டது, எந்தப் பின் எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவேடு இல்லாத தலைகீழ் ராட்டினத்தை ஊர் ஊராகக் கொண்டுபோவதற்கு நான் உடன்படமாட்டேன். மணல் தரையில் பலகை அடுக்கி மட்டம் பார்க்கும் நம் வழக்கம் கொலம்பஸுக்குப் போதுமானதாக இருக்கலாம். வளையத்தில் ஒவ்வொரு தள்ளலும் அடித்தளத்தை மாறி மாறி இரு பக்கமும் இழுக்கும்; ஒரு பக்கம் ஓர் அங்குலம் அமிழ்ந்தாலே சக்கரங்கள் கோணலாகத் தேயத் தொடங்கிவிடும்.

தொண்டி, இல்லத்தரசி: என் மகனுக்கு 11 வயது. மதுரைப் பக்கம் போனால் இதில்தான் ஏறுவேன் என்று அடம்பிடிக்கிறான்.

வயதை விட உயரமே முக்கியம். தோள்பட்டைப் பிடிப்பான் பெரியவர்களின் உடலளவுக்கு அமைந்தது. குறிக்கப்பட்ட உயரத்துக்குக் குறைந்த பிள்ளை அதன் இடைவெளியில் நழுவக்கூடும். உள்ளூர் வழக்கப்படி 'பரவாயில்லை, ஏறட்டும்' என்று ஊழியர் சொன்னால், அந்த ராட்டினத்தில் நீங்களும் ஏற வேண்டாம். இதய நோய், இரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழியட்டும். இதை நான் மருத்துவம் படித்துச் சொல்லவில்லை, வண்டியைக் கழுவிய அனுபவத்தில் சொல்கிறேன்.

பாம்பன், மீனவர்: கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இதை ஓட்ட முடியுமா?

எல்லா நாளும் முடியாது. ராட்டினங்களுக்கான ஐரோப்பியத் தரநிலையான இ.என். 13814, ஓட்டத்தின்போது காற்று நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் வரை இருக்கலாம் என்ற அடிப்படையில் வடிவமைப்பைக் கணக்கிடுகிறது. பாம்பன் பாலத்தில் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே வளையத்தின் உச்சியில் காற்றுமானி பொருத்தி, அளவு தாண்டியதும் அது தானே ஓட்டத்தைத் தடுக்குமாறு இணைக்க வேண்டும். நடத்துநரின் கண் மதிப்பை நம்பக்கூடாது. டிக்கெட் வாங்கி வரிசையில் நூறு பேர் நிற்கும்போது காற்று எப்போதும் குறைவாகவே தோன்றும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் வண்டியை அடியில் கட்டிப்போடுவதற்கான ஏற்பாடும் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

மண்டபம், பஞ்சாயத்து முன்னாள் உறுப்பினர்: அனுமதி கிடைக்குமா?

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி உயர் ஓத எல்லையிலிருந்து (கடல்நீர் ஏறி வரும் உச்ச எல்லை) உங்கள் நிலம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை முதலில் பாருங்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகள் எதிரே இருப்பதால் வனத்துறையின் கருத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமான தளம் இருப்பதால், உயரமான எதையும் நிறுத்துவதற்கு முன் அங்கும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

இராமநாதபுரம், வணிகர்: போட்ட பணம் திரும்புமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியில் 20 பேர் என்றும், ஓட்டம் 2 நிமிடம் என்றும், ஏற்றி, பிடிப்பான்களைச் சரிபார்த்து, இறக்குவதற்கு 4 நிமிடம் என்றும் வைத்தால், மணிக்கு 10 ஓட்டம், 200 பேர். நுழைவுக்கட்டணத்தில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.க்குப் போகும். விடுமுறை நாள்களில் வண்டி நிரம்பும். மற்ற நாள்களில் இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர்களை நம்பினால் ஏமாற்றம்தான், ஏனெனில் அவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தோடும் வயதானவர்களோடும் வருகிறார்கள். பாட்டியைக் கீழே உட்கார வைத்துவிட்டுத் தலைகீழாகச் சுற்ற எல்லோருக்கும் மனம் வருவதில்லை. வளையம் ஒரு பூங்காவுக்கு விளம்பரப் படத்தைத் தரும், இளைஞர்களை ஒரு முறை வரவழைக்கும். திரும்ப வரவழைப்பவை நீர் விளையாட்டும் நிழலும் சுத்தமான கழிப்பறையும்தான். அவை இல்லாத பூங்காவில் வளையத்தை முதலில் வைப்பது, கூரை போடாமல் கோபுரம் கட்டுவதாகும்.

தேவிபட்டினம், மின்பணியாளர்: உச்சியில் இருக்கும்போது மின்சாரம் போனால்?

பெரும்பாலும் வண்டி தன் எடையாலேயே கீழே வந்து, ஆடி ஆடி அடியில் நின்றுவிடும். இந்த வடிவமைப்பில் எனக்குப் பிடித்த அம்சம் அது. சக்கரம் இறுகிப்போய் உச்சியில் சிக்கிக்கொள்வதே கடினமான நிலை. அதற்காக டீசல் ஜெனரேட்டரைத் தவிர, மின்சாரமே இல்லாமல் வண்டியை இழுத்து இறக்கும் கையிழுவைக் கருவியும் வேண்டும். பருவந்தோறும் மணல் மூட்டைகளை ஏற்றி அதைப் பழகிப் பார்க்கவும் வேண்டும். அத்துடன், 20 மீட்டர் உயரத்தை எட்டும் ஏணி வண்டி எந்த ஊரிலிருந்து வரும், வந்து சேர எத்தனை நிமிடமாகும் என்பதைத் தீயணைப்பு நிலையத்தில் கேட்டு எழுதி வாங்கிய பிறகே வளையத்துக்கு முன்பணம் கொடுங்கள்.