எட்வர்ட் பெர்னேஸ் மக்கள் தொடர்பு மேதையா, ஏமாற்றுக்காரரா?

கம்பெனிகளுக்காக மக்கள் கருத்தை வடிவமைத்த இந்த அமெரிக்கர் மேதைதான், ஆனால் பணம் யாருடையது என்பதை மறைத்துச் சாதித்த மேதை.

1929 ஈஸ்டர் ஞாயிறு, நியூயார்க் ஐந்தாம் அவென்யூ. லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டைப் பெண்களிடம் விற்க வேண்டும். தெருவில் பெண் புகைப்பதோ அன்று அவமானம். சிக்மண்ட் பிராய்டின் சகோதரி மகனான பெர்னேஸ், உளப்பகுப்பாய்வாளர் ஏ. ஏ. பிரில்லிடம் யோசனை கேட்டார். சிகரெட்டுக்கு 'விடுதலைச் சுடர்' என்ற பெயர் கிடைத்தது. ஆண் பெண் சமத்துவத்துக்காகப் புகைத்தபடி நடப்போம் என்று இளம் பெண்களுக்குத் தந்தி போனது. அடியில் பெர்த்தா ஹண்ட் என்ற பெயர். அவர் பெர்னேஸின் செயலாளர் என்பதோ, செலவு லக்கி ஸ்ட்ரைக்கைத் தயாரித்த அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியுடையது என்பதோ அதில் இல்லை. நாளிதழ்கள் அந்த நடையைச் செய்தியாகவே போட்டன. (அந்த ஒரு நடையால் பெண்கள் புகைக்கத் தொடங்கினார்கள் என்பதை அப்படியே நம்ப வேண்டாம், தன்னை விற்பதிலும் அவர் கெட்டிக்காரர்.)

காலை உணவுக்கான பன்றி இறைச்சியை விற்கவும் இதே வழிதான். கனமான காலை உணவு நல்லதா என்று மருத்துவர்களிடம் கேட்டுப் பதிலைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். கேள்வியிலேயே பதில் இருந்தது.

குவாத்தமாலா இன்னும் மோசம். அங்கே வாழைத்தோட்டங்கள் வைத்திருந்த அமெரிக்க நிறுவனமான யுனைட்டெட் ஃப்ரூட் கம்பெனிக்காக அமெரிக்கப் பத்திரிகையாளர்களை அங்கே அழைத்துப் போய், கம்யூனிச ஆபத்து என்று எழுத வைத்தார். 1954இல் அந்நாட்டு அதிபர் அர்பென்ஸின் அரசை சி.ஐ.ஏ. கவிழ்த்தது.

1960களில் புகைக்கு எதிராகப் பிரசாரம் செய்தார், உண்மைதான். அதற்குள் சிகரெட் கம்பெனிகள் 1954இலேயே 'ஆராய்ச்சிக் குழு' என்ற பெயரில் தங்களுக்கென ஒரு முகமூடி அமைப்பைத் தொடங்கியிருந்தன.