சைக்கிள் சந்தேகங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கியர் சைக்கிளில் மோட்டார் பொருத்தி, ஒரே சார்ஜில் 100 கி.மீ. போக வேண்டும். எத்தனை வாட் மோட்டார் வாங்கலாம்?

வாட்டைப் பார்த்து மோட்டார் வாங்கினால் தூரம் கிடைத்துவிடாது. தூரத்தைத் தருவது பேட்டரி. அதன் கொள்ளளவு வாட்-மணி; வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வரும். 48 வோல்ட், 14 ஆம்பியர்-மணி என்றால் சுமார் 670 வாட்-மணி.

சமதரையில், எதிர்க்காற்று இல்லாமல், நீங்களும் நன்றாக மிதித்துக்கொண்டு மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போனால் கிலோமீட்டருக்கு 8 வாட்-மணி வரை செலவாகும். 100 கி.மீ.க்கு 800. பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை வடிக்கக் கூடாது என்பதால் ஐந்தில் ஒரு பங்கு கையிருப்பாக வையுங்கள். ஏறக்குறைய 1,000 வாட்-மணி தேவை. 3.5 ஆம்பியர்-மணி கொண்ட 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்கள் என்றால் தொடராக 13 வரிசை, வரிசைக்கு இணையாக 6, மொத்தம் 78. செல்களின் எடை மட்டுமே நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கணக்கை முதலில் கெடுப்பது வேகம். காற்றின் தடை வேகத்தின் வர்க்க அளவில் ஏறும். 25-லிருந்து 35-க்குப் போனால், ஒரு கிலோமீட்டருக்குக் காற்றோடு மல்லுக்கட்டும் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். அடுத்து மேடு. சைக்கிளும் ஆளும் சேர்ந்து 100 கிலோ என்றால், 1,000 மீட்டர் உயரம் ஏற 272 வாட்-மணி வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 350 வரை போகும். மலைப்பாதை என்றால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மோட்டாரைவிட, பெடல் அச்சில் பொருத்தும் மோட்டாரே மேல். அது உங்கள் கியர் வழியாகவே சக்தியைக் கடத்துவதால் மேட்டிலும் வேகமாகச் சுழலும். ஹப் மோட்டார் மெல்லச் சுழலச் சுழல, மின்சாரத்தில் பெரும்பங்கு வெறும் சூடாகப் போய்விடும்.

கேள்வி: இந்த சைக்கிளோடு 200, 300 கி.மீ. பிரவே பயணங்களில் கலந்துகொள்ளலாமா?

முடியாது. பிரவே என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்; முழுக்க மனித உழைப்பால் ஓட்டுவது. அதன் நேர வரம்புகள்: 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. 1891-ல் தொடங்கி இன்றும் நடக்கும் சுமார் 1,200 கி.மீ. பாரீஸ்–பிரெஸ்ட்–பாரீஸ் பயணத்தின் அதிகபட்ச வரம்பு 90 மணி. சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ.யைத் தாண்டவில்லையே என்று நினைக்காதீர்கள். சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் அந்த நேரத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

கேள்வி: பேட்டரியை நானே கட்ட நினைக்கிறேன். செல்களைச் சாதாரண சால்டரிங் அயர்னால் பற்றவைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். செல்லுக்குள் இரு முனைகளையும் பிரித்து நிற்பது மெல்லிய பிளாஸ்டிக் ஏடு. 130 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே அது உருகத் தொடங்கும். அயர்ன் முனையோ 350 டிகிரியில் இருக்கிறது. கண நேரத்தில் ஒட்டவைக்கும் ஸ்பாட் வெல்டரும் நிக்கல் பட்டையும்தான் சரியான வழி.

நிக்கல் பட்டையிலும் ஏமாற்று உண்டு. நிக்கல் முலாம் பூசிய இரும்பும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு துண்டை அரத்தால் கீறி, உப்புத் தண்ணீரில் இரவு முழுக்கப் போடுங்கள். காலையில் கீறலில் துரு படிந்திருந்தால் அது இரும்பு. நிக்கலைவிட இரும்பின் மின்தடை அதிகம். ஏற்றத்தில் பட்டை கொதிக்கும்.

செல்லின் பிளஸ் முனையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நடுவில் பொத்தான், சுற்றிலும் ஒரு விளிம்பு. அந்த விளிம்பு உட்பட மொத்தக் கூடும் மைனஸ்! இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளியும், மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். அதிர்வில் பட்டை உறையை அறுத்துவிட்டால் நேரடி ஷார்ட். அதனால் ஒவ்வொரு பிளஸ் முனையிலும் காப்புத்தாள் வளையம் ஒட்டிய பிறகே வெல்டிங்கைத் தொடங்குங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது, விடவே கூடாதது.

ஒரே தயாரிப்பு, ஒரே தொகுதி, புதிய செல்களாகவே வாங்குங்கள். பழைய லேப்டாப் செல்களைக் கலந்தால், பலவீனமானது முதலில் காலியாகி மொத்த வரிசையையும் இழுத்துவிடும். இணையாகச் சேர்க்கும் செல்களின் வோல்ட் வித்தியாசம் 0.05-க்குள் இருக்கட்டும்.

செல்களைக் காக்கும் பி.எம்.எஸ். பலகையின் பிளக்கைச் செருகும் முன் மல்டிமீட்டரால் கம்பிகளை வரிசையாகச் சோதியுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு இடையே ஒரு வரிசையின் வோல்ட், அதாவது 3.6 அளவில், மட்டுமே காட்ட வேண்டும். 7-ஐத் தாண்டினாலோ மைனஸ் காட்டினாலோ கம்பி இடம் மாறியிருக்கிறது; செருகினால் பலகை போயிற்று. 13 வரிசைக்கான சார்ஜர் 54.6 வோல்ட். வேலைக்கு உட்காரும்போது மோதிரம், வளையல், உலோகக் கைக்கடிகாரம் எதுவும் உடம்பில் வேண்டாம். வீட்டிலிருந்து வெளியேறும் வழியில் வைத்து ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள்.

கேள்வி: முன்சக்கரத்தில் ஹப் மோட்டார் போட்டேன். ஒரு மாதத்தில் அச்சு சுழன்று ஒயர்கள் அறுந்துவிட்டன. நட்டை இறுக்கமாகத்தான் முடுக்கியிருந்தேன். ஏன்?

மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது, அச்சு அதே விசையோடு பின்னால் சுழலப் பார்க்கும். நட்டால் மட்டும் அதைத் தாங்க முடியாது. அச்சின் இருபுறமும் தட்டையாக்கிய பகுதியைப் பிடித்துக்கொள்ளும் டார்க் ஆர்ம் என்ற எஃகுத் தகட்டை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு பிணைக்க வேண்டும். இரண்டு பக்கமும் போடுவது நல்லது. பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கு மின்சாரம் திரும்பும் வகை என்றால் விசை இருதிசையிலும் மாறி மாறி வந்து நட்டைத் தளர்த்தும். அங்கே இரண்டு கட்டாயம்.

அலுமினியம் அல்லது கார்பன் ஃபோர்க்கில் முன்மோட்டார் வேண்டாம். எஃகு வளையும், இவை முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். முன்சக்கரம் கழன்றால் விழுவது முகம்தான்.

கேள்வி: பேட்டரியை இணைக்கும்போதெல்லாம் 'பட்' என்று தீப்பொறி பறக்கிறது. பழுதா?

பழுதில்லை. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைத் தேக்கும் கப்பாசிட்டர்கள் உண்டு; காலியாக இருக்கும் அவை ஒரே மூச்சில் நிரம்புவதால் வருவது. ஆனால் ஒவ்வொரு பொறியும் இணைப்பு முனையைக் கொஞ்சம் அரிக்கும். உள்ளேயே மின்தடை வைத்த எக்ஸ்.டி.90-எஸ் வகைக் கனெக்டருக்கு மாறுங்கள். செருகும்போது பாதியில் ஒரு நொடி நிறுத்தி, பிறகு முழுதாக அழுத்துங்கள்.

கேள்வி: 150 கி.மீ. தாண்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. முழங்காலின் முன்பக்கமும் வலிக்கிறது. சோர்வுதானா?

சோர்வைவிட, சைக்கிளின் அளவு உங்களுக்குப் பொருந்தாததே காரணமாக இருக்கக்கூடும். அந்த இரு விரல்களுக்குப் போகும் நரம்பு உள்ளங்கையின் அடிப்புறத்தில், ஹேண்டில்பாரில் நசுங்கும் இடத்தில்தான் ஓடுகிறது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடல் வழுக்கி, பாரம் கைகளில் இறங்கும். சீட்டைச் சமமாக்குங்கள், பிடியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறங்கி ஓய்வெடுத்த பிறகும் மரப்பு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

முழங்காலின் முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருப்பதே காரணம். பின்பக்கம் வலித்தால் உயரம் அதிகம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக வேண்டும். அதிலிருந்து ஒரே தடவையில் 5 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றிய பின் இரண்டு மூன்று சவாரி போய்ப் பார்த்துவிட்டு அடுத்த மாற்றத்துக்குப் போங்கள். பழைய உயரத்தை டேப்பால் அடையாளமிட்டு வைத்தால், தவறினால் திரும்பி வரலாம்.