கரி மேல் உருளும் தங்கம்

கேள்வி: கோவை செல்வபுரத்தில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் எங்க பாப்பா, ஒரே ஒரு அணு தடிமனுள்ள கரித்தாளின் மேல் தங்கப் படிகம் வளர்வதை நேரிலேயே பார்க்கிறார்கள் என்கிறாள். அதை எப்படிங்க பார்க்க முடியும்?

பதில்: பாப்பா சொல்வது உண்மைதாங்க. அந்தத் தாளின் பெயர் கிராஃபீன். 2004-ல் மான்செஸ்டரில் பென்சில் கரியான கிராஃபைட்டை செலோடேப் ஒட்டி ஒட்டி உரித்தே எடுத்தார்கள், 2010-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. சுமார் 30 லட்சம் தாள் அடுக்கினால்தான் 1 மில்லிமீட்டர் உயரம் வரும், அதனால் எலக்ட்ரான் நுண்ணோக்கி (ஒளிக்குப் பதில் எலக்ட்ரான்களைப் பாய்ச்சிப் பார்க்கும் கருவி) அனுப்பும் எலக்ட்ரான் கற்றை தாளைத் தடையில்லாமல் ஊடுருவிப் போய்விடுகிறது, கனமான தங்க அணு மட்டும் அதைச் சிதறடித்துக் கருப்பாகத் தெரிகிறது. நுண்ணோக்கியின் வெற்றிடத்துக்குள்ளேயே தங்கத்தைச் சூடாக்கி ஆவியாக்கித் தாளின் மேல் படியவிட்டு, அப்படியே வீடியோ எடுக்கிறார்கள்.

அப்புறம் நடப்பது உங்களுக்குப் பழக்கமானதுதான். கரிக்கட்டையில் பொடித் தங்கத்தை வைத்து ஊதினால் பரவாமல் குண்டாக உருண்டுகொள்கிறது இல்லையா? தங்கத்துக்குக் கரியைவிடத் தங்கத்தோடுதான் ஒட்டுதல் அதிகம். இங்கேயும் அப்படித்தான்: அணுக்கள் தாளின் மேல் வழுக்கி அலைகின்றன, ஓட்டையோ மடிப்போ அழுக்கோ இருக்கும் இடத்தில் சிக்கி நிற்கின்றன, அங்கே பின்னால் வருவதும் சேர்ந்து தனித்தனித் தீவுகளாக வளர்கிறது. தாள் சுத்தமாக, இளஞ்சூட்டில் இருந்தால் தட்டையான முக்கோணமும் அறுகோணமும் கிடைக்கும். அழுக்கிருந்தால் கண்டபடி வளரும், அதனால் சுத்தம் செய்வதுதான் பாதி வேலை.

2012-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இரண்டு கிராஃபீன் தாளுக்கு நடுவே திரவத்தைச் சிறைப்பிடித்து, அதற்குள் பிளாட்டினத் துகள்கள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்வதையும் பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பார்க்கிற கற்றையே வேலையைக் கெடுக்கலாம், எலக்ட்ரான்களை வேகமாக்கும் மின்னழுத்தம் 80 கிலோவோல்ட்டுக்கு மேல் கொஞ்சம் போனாலே கிராஃபீனின் கரி அணுவைத் தட்டிவிட ஆரம்பிக்கும். அதனால் கற்றை படாத இடத்திலும் படிகம் அதேபோலத்தான் வளர்ந்திருக்கிறதா என்று கடைசியில் பார்க்க வேண்டும். பாப்பாவிடம் இதைக் கேளுங்கள், ஒரு நாள் பட்டறைக்கு வரச்சொல்லி அந்தக் குண்டு உருள்வதையும் காட்டுங்கள்.