அல்சைமரா, ரத்தக்குழாய் மறதியா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 78 வயது. இருபது வருடமாக சுகரும் பிரஷரும் உண்டு. இப்போதெல்லாம் ஃபில்டரில் காபித்தூளே போடாமல் வெந்நீரை ஊற்றிவிட்டு, டிகாஷன் இறங்கக் காத்திருக்கிறார். ஒரு டாக்டர் அல்சைமர் என்கிறார். ஸ்கேனைப் பார்த்த இன்னொருவர் ரத்தக்குழாய் அடைப்பால் வந்த மறதி என்கிறார். யார் சொல்வது சரி? முன்பெல்லாம் இவ்வளவு பேருக்கு இது வந்ததில்லையே?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். எண்பதை நெருங்கும்போது பலருக்கு அல்சைமரும் ரத்தக்குழாய்க் கோளாறும் கலந்தே இருக்கும். மறதி மெல்ல மெல்லத் தேய்ந்து வந்ததா, நன்றாக இருந்தவர் திடீரென்று ஒரு படி இறங்கினாரா? முதலாவது அல்சைமர் பக்கம் காட்டும், இரண்டாவது ரத்தக்குழாய் பக்கம் காட்டும். உங்களுக்குத்தான் அது தெரியும். டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

முன்பும் வந்ததுதான். 78 வயதைத் தொட்டவர்கள் குறைவு. தொட்டவர்களையும் ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிட்டோம். இன்று இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா (அல்சைமர், ரத்தக்குழாய் வகை எல்லாம் சேர்ந்த மறதி நோய்) இருப்பதாகக் கணக்கு.

ஆனால் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊர் மக்களைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துவரும் ஆய்வு, 2016இல் வேறொன்றைச் சொன்னது. அங்கே புதிதாக டிமென்ஷியா வருவது, பத்தாண்டுக்குச் சராசரியாக 20 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதிலும் ரத்தக்குழாய் வகைதான் நன்றாகக் குறைந்தது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடம் மட்டுமே இந்தக் குறைவு தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரஷரைக் கட்டுக்குள் வைத்தது ஒரு காரணமாக இருக்கலாம். நம் ஊரிலோ ‘தலைசுற்றல் இல்லையே’ என்று பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

சரி, அம்மாவுக்கு வருவோம். பி12, தைராய்டு பார்த்தாயிற்றா? அவை குறைந்தாலும் மறதி வரும், மருந்தில் தேறவும் வாய்ப்புண்டு. காது கேட்கிறதா என்றும் பாருங்கள். பெங்களூரு மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிமான்ஸுக்குப் போவதானால் ஸ்கேன் படத்தோடு, சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். நினைவாற்றல் சோதனையைத் தமிழில் வைக்கச் சொல்லுங்கள். காய்கறிக்காரரிடம் கன்னடம் பேசுவது வேறு, கன்னடத்தில் கேட்கும் கணக்குக்குப் பதில் சொல்வது வேறு.

இல்லாத ஆட்களோ குழந்தைகளோ வீட்டில் தெரிவதாக அம்மா சொன்னால் மறைக்காமல் சொல்லுங்கள். அது லூயி பாடி என்ற இன்னொரு வகையாக இருக்கலாம். அந்த வகை உள்ளவர்களுக்கு, மனக்குழப்பத்துக்கு வழக்கமாகத் தரும் சில மாத்திரைகள் ஆகவே ஆகாது.